அஞ்சடி வெளிச்சம்

தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது இந்த வருஷம் பெரிய அலமாரியைச் சுவரை விட்டு நகர்த்தினோம். பின்னால் ஒரு மணிலா அட்டை சரிந்து கிடந்தது. வெள்ளையாக வாங்கியது பழுப்பேறி, ஓரமெல்லாம் கரப்பான் அரித்திருந்தது. நடுவில் ஒரு துருக்கறை. ஒரு முனை கூர், மறுமுனை அகலம். அண்ணன் மகள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு அத்தை இதுல படகு வரைஞ்சது?" என்று கேட்டாள்.

பாட்டியின் கரி இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்த தடம் அது. ஏலத்தில் போடுவதற்காக அந்த அட்டையின் மேல் வைத்துத்தான் அதைப் படம் எடுத்தோம். அவள் அப்போது பிறக்கவே இல்லை. அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். தோட்டம், கோயில், ஸ்டூடியோ அங்கிள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அலமாரி துடைத்து முடிய இருட்டிவிட்டது.

பினாங்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தீவும் கொடிமலையும் ஃபெரியும்தான். எங்கள் தாசேக் கெலுகோர் கடலுக்கு இந்தப் பக்கம், வட செபராங் பிறையில் இருக்கிறது. ஒரு ரயில் நிலையம், ஒரு கடைவரிசை, சுற்றிலும் மேஃபீல்டு, மலாக்கோப் என்று தோட்டங்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் லயத்து வீடுகளில் இருந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெர்தாம் பக்கம் மரங்கள் நின்ற இடத்தில் தாமான் வீடுகள் எழும்பின. ஒவ்வொரு குடும்பமாக லயத்தை விட்டு வெளியேறியபோது, இரண்டு தலைமுறைச் சாமான்கள் வாசலுக்கு வந்தன. பால் வாளி, தோளில் சுமக்கும் காண்டாக் கட்டை, உளி, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, பூப்போட்ட எனாமல் டிபன் கேரியர், கிராமபோன் தட்டுகள். புது வீட்டில் இதற்கெல்லாம் ஏது இடம்?

அப்போது அவற்றுக்கு இருந்த ஒரே வழி பழைய சாமான்காரர். சின்ன லாரியில் வருவார், தூக்குத் தராசில் மாட்டுவார், இரும்புக்கு இவ்வளவு, பித்தளைக்கு இவ்வளவு என்பார். சித்திர வேலைப்பாடு உள்ள வெற்றிலைப் பெட்டியும் உடைந்த குழாயும் அந்தத் தராசில் ஒரே சாதி. அத்தை ஒருத்தி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவை அப்படிப் போட்டுவிட்டு, லாரி முக்குத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

ஏலம் என்பதும் எங்களுக்குப் புதிதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்த இரவில் அம்மனுக்குச் சாத்திய புடவையை ஏலம் விடுவார்கள். கோயில் தலைவர் நாற்காலி மேல் ஏறிப் புடவையை உயர்த்திப் பிடிப்பார். முந்தானையை விரித்துக் காட்டுவார். கரையைத் திருப்பிக் காட்டுவார். கற்பூரத் தீப்பொறி பட்டுச் சின்ன ஓட்டை விழுந்திருந்தால் அதையும் விரலால் நீவிக் காட்டி, "எல்லாரும் பாத்துக்குங்க, பின்னாடி சொல்லக் கூடாது" என்பார். பெண்கள் பக்கமும் ஒரு சுற்று கொண்டு போவார்கள். அதன் பிறகுதான் முதல் விலை. ஓட்டை இருக்கிறதே என்று யாரும் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்தாயிற்று, மனசு ஒப்புக்கொண்டாயிற்று. அதற்கு மேல் போட்டிதான்.

இணையத்தில் ஏலம் விடும் லேலோங் தளம் 1998-இல் தொடங்கியது. அண்ணன் அதைப் பட்டர்வொர்த்தில் ஒரு சைபர் கஃபேயில் கண்டுபிடித்தான். பிறை பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேலை விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். பாட்டி தவறி, லயத்து வீட்டைக் காலி செய்த சமயம் அது. "பழைய சாமான்காரனுக்குப் போடாதீங்கம்மா, நான் நல்ல விலைக்கு விக்கிறேன்" என்றான். அந்த நாளில் பெரும்பாலோர் எழுத்தை மட்டும் போட்டுத்தான் விற்றார்கள். 'பழைய இஸ்திரிப் பெட்டி, நல்ல நிலையில்' என்று அவனும் போட்டான். யாரும் சீந்தவில்லை. கெடு முடிந்தது, மறுபடி போட்டான், அதுவும் முடிந்தது. 'நல்ல நிலையில்' என்று எல்லோரும்தானே எழுதுகிறார்கள். கோலாலம்பூரில் இருப்பவர் எதைப் பார்த்துப் பணம் கட்டுவார்?

படம் போடலாம் என்றால் அது பெரிய வேலை. எங்களிடம் இருந்தது திருமணம், திருவிழாவுக்கு எடுக்கிற சாதா ஃபிலிம் கேமரா. ஒரு மீட்டருக்குள் கொண்டுபோனால் எல்லாம் மங்கல். ரோல் முடிய வேண்டும், கழுவ வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும். நான்தான் இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைவரிசையில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோ அங்கிள் சீனர். ஊரில் பாதிப் பேருக்கு ஐ.சி. அடையாள அட்டைப் படம் எடுத்தவர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அவருக்குத் தங்கச்சிதான். பெட்டியை மேசையில் வைத்ததும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வார்ப்பிரும்பு உடம்பு, கைபட்டுக் கறுத்த மரப்பிடி, மூடியைப் பூட்டும் கொக்கியின் மேல் ஒரு சேவல். மலாய்க்காரர்கள் அந்தச் சேவலை வைத்தே இதற்கு ஸ்திரிகா ஆயாம் என்று பெயர் சொல்வார்கள்.

"தங்கச்சி, இதுக்கு முகம் எந்தப் பக்கம்?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சேவலைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் முகம். ஐ.சி. படத்துல காது ரெண்டும் தெரியணும். இதுல சேவல் தெரியணும், வயிறு தெரியணும், அடி தெரியணும்."

உள்ளே விளக்கு வைத்த அறை இருந்தும் அங்கே எடுக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிக்கு வந்துவிட்டார். கடைகளின் முன்னால் கூரை இறக்கிய அந்த நடைபாதையில் காலை நேரத்து வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெயில் தார்ச்சாலையோடு நின்றுவிடும். அதன் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் மெதுவாக உள்ளே வரும். அட்டையை நாற்காலி மேல் விரித்து, பின்பாதியை முதுகுச் சாய்மானத்தில் வளைத்து ஏற்றினார். தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்ற கோடே தெரியவில்லை. பெட்டியைச் சாலைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தார். நிழல் விழுந்த பக்கத்தில் என்னை ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். தாளை நான் கிட்டே கொண்டுபோகக் கொண்டுபோக, இருட்டாக இருந்த இரும்பில் வார்ப்பின் சொரசொரப்பு மேலெழுந்து வந்தது. காற்றுத் துளைகளின் ஓரத்தில் வெந்து வெளுத்த சாம்பல் நிறம் தெரிந்தது. பாட்டி பள்ளிச் சட்டைக்குப் பெட்டி போட்டுத் தரும்போது தினமும் பக்கத்தில் நின்றவள் நான். அந்தச் சாம்பல் நிறத்தை அன்றுதான் பார்த்தேன்.

"பிளாஷ் வேண்டாமா அங்கிள்?"

"பிளாஷ் போட்டா எல்லாம் தட்டையா போயிடும் லா. மேடு பள்ளம் காணாது."

சேவலின் கொண்டையில் ஒரு முனை உடைந்திருந்தது. நான் அதை மறுபக்கம் திருப்பி வைக்கப் போனேன். அந்தப் பக்கம் முழுசாகத்தான் தெரியும். அவர் என் கையைத் தடுத்தார். "மொதல்ல ஒடஞ்ச எடம். வாங்குறவன் வீட்டுல போயி பாத்தா உன்னைத் திட்டுவான். இப்பவே பாக்கட்டும்." உடைந்த முனைக்கு மட்டும் தனியாக ஒரு படம் எடுத்தார். பக்கத்தில் ஓர் இருபது காசு நாணயத்தை வைத்து அளவு தெரிய ஒன்று, கவிழ்த்து அடிப்பக்கம் ஒன்று. தம் ரோலில் மிச்சமிருந்த ஃபிலிமில்தான் எடுத்தார். கழுவிய கூலி மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஸ்கேன் செய்த படங்களை ஃபிளாப்பியில் வாங்கிப்போய் அண்ணன் ஏற்றினான். ஒரு படம் மேலே போய்ச் சேர்வதற்குள் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடலாம். இரண்டாம் நாளே விலை கேட்டார்கள். கடைசி இரவில் மூன்று பேர் மாறி மாறி ஏற்றினார்கள். அண்ணன் ஷிப்டுக்கு நேரமாகியும் கஃபேயை விட்டு எழவில்லை. பழைய சாமான்காரர் ஐந்து வெள்ளி தருவதாகச் சொன்ன பெட்டி எண்பது வெள்ளியைத் தாண்டியது. வாங்கியவர் பேராக்கில் ஒரு பள்ளி ஆசிரியர். வங்கியில் பணம் கட்டிய கையோடு எழுதியிருந்தார்: இதே போல் வேறு இரண்டும் ஏலத்தில் இருந்தன, உடைந்த இடத்தை நீங்கள் மட்டும்தான் காட்டினீர்கள், அதனால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பினேன்.

'தமிழ் நேசன்' தாள்களைக் கசக்கி அடைத்துப் பெட்டியைக் கட்டினோம். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோயிற்று. எத்தனையோ பேர் வீட்டுப் பழைய சாமான்களைக் காயம்படாமல் கொண்டுபோய்ச் சேர்த்த காகிதம்.

அந்த ஆசிரியர் எழுதிய வரியின் கனம் எனக்குப் பின்னாளில்தான் முழுசாகப் புரிந்தது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை சொல்வார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் இந்த விலைக்கு எதற்கு என்று சந்தையை விட்டே போய்விடுவார் என்பது அகெர்லாஃபின் வாதம். எங்கள் லயத்து வாசலில் நடந்தது இதுதானே. 2011-இல் கிரெகரி லூயிஸ் என்பவர் ஈபே தளத்தின் பழைய கார் ஏலங்களை ஆராய்ந்து, விற்பவர் எவ்வளவு படமும் விவரமும் போடுகிறார் என்பது முடிவு விலையை வலுவாக மாற்றுகிறது என்று காட்டினார். ஈபேயின் கதையே இப்படித்தான் ஆரம்பம். 1995-இல் பியர் ஒமிட்யார் அதைத் தொடங்கியபோது முதலில் விலைபோனது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவரே கேட்டதாகவும், உடைந்த சுட்டிகளைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள். எந்தப் பொருளுக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு அதைச் சரியாகக் காட்டுவதுதான் நம் பாடு.

பிறகு எங்கள் வீடு ஒரு சின்ன ஸ்டூடியோ ஆயிற்று. அண்ணனோடு வேலை செய்த ஒருவர் சோனி மாவிக்கா கேமராவை இரவல் கொடுப்பார். 1997-இல் வந்த மாதிரி. ஃபிளாப்பித் தட்டையே உள்ளே சொருகிப் படம் எடுக்கலாம். ஒரு தட்டில் கொஞ்சம் படங்கள்தான் கொள்ளும், அதனால் யோசித்து யோசித்து எடுப்போம். ஃபிலிமும் கழுவுவதும் இல்லை என்பதே எங்களுக்குப் பெரிய விடுதலை.

சொந்தக்காரர்கள், அப்புறம் அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று சாமான்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எனாமல் டிபன் கேரியருக்கு அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து, எனாமல் பெயர்ந்து கறுத்த இடம் தெரிய எடுக்க வேண்டும். மூடிய நிலையில் எடுத்த படத்தை விஷயம் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பித்தளை எதிரில் நிற்பவரையும் சேர்த்து வாங்கிக் காட்டும். அதனால் வெள்ளைத் துணியைப் பிடித்து அதன் மறைவிலிருந்து எடுப்பேன். இசைத்தட்டுதான் மிகவும் சோதிக்கும். நேராகப் பார்த்தால் கறுப்பு, அவ்வளவுதான். சன்னல் பக்கம் மெல்லச் சாய்த்தால் வெளிச்சம் ஒரு விசிறியாக விரியும், அதில் கீறல்கள் நூல் நூலாகத் தெரியும். அந்தக் கோணத்தில் எடுத்துப் போட்டால் சிங்கப்பூர்க்காரர்கள்கூட மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள். பழைய படப் பாட்டுத் தட்டுகளுக்கு அப்படி ஒரு கிராக்கி.

எங்கள் படத்தையே எடுத்துத் தன் ஏலத்தில் போட்டுக்கொண்ட ஆளும் உண்டு. எங்கள் வீட்டு வெற்றிலைப் பெட்டி, எங்கள் அட்டை, எங்கள் நாணயம். பெயர் மட்டும் வேறு. பணம் கட்டி ஏமாந்த ஒருவர் அண்ணனிடம் வந்து கேட்டபோது அவன் முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு துண்டுத் தாளில் எங்கள் பெயரையும் தேதியையும் எழுதிப் பொருளின் மேல் சாய்த்து வைத்துத்தான் எடுத்தோம். இப்போது அதை எல்லோரும் செய்கிறார்கள்.

எல்லாம் ஏலத்துக்குப் போனது என்று நினைக்க வேண்டாம். பாட்டியின் குத்துவிளக்கு ஒன்று இருந்தது. அண்ணன் சும்மா விலை தெரிந்துகொள்ளலாமே என்று அட்டையின் மேல் தூக்கி வைத்தான். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"விளக்கை எதுக்குப்பா அங்க வைச்சிருக்கே?"

"விக்கல மா. படம் மட்டும்."

"படம் எடுத்தாலே பாதி வித்த மாதிரிதான். எடுத்து உள்ள வை."

அம்மா சொன்னது எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. அதை வாங்கப் போகிறவரின் கண்ணால் பார்த்துத்தானே படம் எடுக்கிறோம்? விளக்கு இப்போதும் பூசையறையில் இருக்கிறது.

ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்ரயில் ஓடுகிறது. கொமுட்டரில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் தீவு. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கு இப்போதும் போவேன். அங்கே கையில் எடுத்து, தட்டி, முகர்ந்து பார்த்து வாங்கலாம். ஆனால் அங்கேயும் கடைக்காரர்கள் சாமானைத் தூக்கிக் கைப்பேசிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிரில் நிற்கும் நான் காத்திருக்க, கிள்ளானில் இருக்கும் ஒருவர் விலை கேட்கிறார். ஸ்டூடியோ இருந்த கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அங்கிள் மகனோடு இருக்கப் போய்விட்டார்.

அண்ணன் மகள் புடவை விற்கிறாள். முகநூலில் நேரலை. பின்னூட்டத்தில் விலை ஏறும், பத்து மணிக்கு முடிவு. அவளுக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பேசி செய்கிற உபகாரத்தைப் பற்றித்தான் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது, நிறத்தைத் தூக்குகிறது, சுருக்கத்தை நீவிவிடுகிறது. அரக்கு சிவப்பாகிவிடுகிறது, மயில்கழுத்து நீலமாகிவிடுகிறது. போன மாதம் ஒரு புடவை திரும்பி வந்தது. நிறம் வேறு என்றார்கள். வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் எடுத்த படம் அது. நான் அவளை வாசல் திண்ணைக்கு இழுத்து வந்து, காலை வெளிச்சத்தில் அதே புடவையை அதே கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து படமெல்லாம் திண்ணையில்தான். மடிப்பில் சாயம் மங்கியிருந்தால் அதற்கென்று ஒரு படம் போடுகிறாள். அந்தப் படத்துக்குக் கீழேதான் நிறையப் பேர் பேசுகிறார்கள் என்று அவளே சொன்னாள்.

இதைப் பார்த்துவிட்டுத் தெருவில் இரண்டு மூன்று அக்காமார்கள் எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றார்கள். முறுக்கு விற்பவர், பின்னல் கூடை விற்பவர், சும்மா கேட்க வருபவர். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். மணிலா அட்டை புதிதாக வாங்கினேன். இந்த வாரம் ஓர் அக்கா தன் மாமியாரின் பதக்கத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கம் பித்தளையை விடக் கண்டிப்பானது. சுற்றிலும் வெள்ளைத் தாள் நிறுத்தாவிட்டால் மண்டபத்து மின்விசிறி முதல் எல்லாமே அதில் தெரியும். கல் ஒன்று உதிர்ந்திருக்கிறதாம், அந்தப் பக்கத்தைக் காட்டவா வேண்டாமா என்று போனில் கேட்டார். முதலில் அந்தப் பக்கத்தைத்தான் எடுக்கப் போகிறோம் அக்கா, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.